அறுநூறு பேருக்கு மட்டும்

பிப்ரவரி 9

மதியச் சாப்பாட்டுக்கு 897 பேர். படிவத்தில் எழுதியது 591.

சாப்பாட்டுக் கான்ட்ராக்ட் எடுத்த எங்கள் கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடந்தது, இன்று எடுத்தேன். இது பாலைவனத்தில் ஒரு அமெரிக்க ராணுவ முகாம். எந்த நாடு என்று யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் டைரியிலும் எழுதப்போவதில்லை. நான் தேசிங்கு, செஞ்சிக்காரன், வயது நாற்பத்திரண்டு. திண்டிவனம் – திருவண்ணாமலை ரூட்டில் பதினோரு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இங்கே வேலை அதைவிடச் சுலபம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் உட்கார்ந்து, உள்ளே நுழைகிற ஒவ்வொரு தலைக்கும் கையிலிருக்கும் கவுன்ட்டரை ஒருதரம் அமுக்க வேண்டும். ஊரில் கேட்டவர்களிடம் 'புள்ளிவிவரப் பிரிவு' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மூட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஆட்டுக்குட்டிக்கும் டிக்கெட் போட்டவன் நான். என் எண்ணிக்கை தப்பாது. ஆனால் படிவத்தில் எதை எழுத வேண்டும் என்பதை எங்கள் சூப்பர்வைசர் சிவசங்கரன் முடிவு செய்கிறார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "தேசிங்கு, நீ எண்ணுறத எண்ணிக்கோ. எழுதுறது மட்டும் நான் சொல்றத எழுது," என்றார் முதல் நாளே. அறுநூறைத் தாண்டக்கூடாதாம். சரியான எண் எங்காவது இருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

அறுநூறு எதற்கு என்று கேப்டன் நோவக்கிடம் கேட்டேன். இங்கே ராணுவத்துக்கு வக்கீல் அந்த அம்மாள். வாசலுக்குப் பக்கத்து மேஜையில் தனியாக உட்கார்ந்துதான் காலைச் சாப்பாடு. எனக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

விஷயம் இதுதான். படைக்குத் தலைவர் அவர்களுடைய ஜனாதிபதி. ஆனால் போர் அறிவிப்பதும் பணம் ஒதுக்குவதும் அவர்களுடைய நாடாளுமன்றம். (அதற்குக் காங்கிரஸ் என்றுதான் பேர்.) போன வருஷம் பணம் ஒதுக்கிய சட்டத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். இந்த நாட்டில் அறுநூறு வீரர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. நூற்றிருபது நாளுக்குள் வந்து போகிறவர்கள் மட்டும் அந்த அறுநூறில் சேரமாட்டார்கள்.

"பெர்மிட் மாதிரி," என்றேன். பஸ் முதலாளி வண்டியை எங்கே வேண்டுமானாலும் ஓட்ட ஆசைப்படுவார், ஆனால் எத்தனை பேரை ஏற்றலாம் என்று ஆர்.டி.ஓ. எழுதிக் கொடுத்திருப்பார். கேப்டனுக்கு இது பிடித்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இன்னொரு சட்டத்தையும் சொன்னார். படை சண்டைக்குள் இறங்கினால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். அறுபது நாளில் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பும் வேலையைத் தொடங்க வேண்டும். வருகிற ஜனாதிபதிகள் பெரும்பாலும் அந்தச் சட்டம் தங்களை முழுசாகக் கட்டுப்படுத்தாது என்பார்களாம், ஆனாலும் கடிதத்தை மட்டும் அனுப்பிவிடுவார்களாம்.

அந்த அம்மாளிடம் 897 என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17

செம்பட்டைத் தலையன் ஒருவன் இருக்கிறான். தினமும் இரண்டு அவித்த முட்டை, ரொட்டி தொடமாட்டான். நேற்று முன்தினம் விமானத்தில் பக்கத்து நாட்டுக்குப் போனான், இன்று திரும்பி வந்து அதே இரண்டு முட்டையை எடுத்தான். கூடவே எழுபது பேர், எல்லாம் தெரிந்த முகங்கள்.

"புது ஆள்னு போடு," என்றார் சிவசங்கரன்.

"சார், அவனேதான். நவம்பர்லருந்து பாக்கறேன்."

"நூத்திப் பத்தொம்பதாம் நாள் போனான், திரும்பி வந்தான். இன்னிக்கி அவனுக்கு ஒண்ணாம் நாள். பேப்பரப் பாரு, மூஞ்சியப் பாக்காத."

புது ஆள் என்று போட்டேன். 904.

பிப்ரவரி 18

வயிறு சரியில்லை. இருதயராஜ் ரசம் வைத்துக் கொடுத்தான்.

அவனைப் பற்றி எழுதவில்லையே. ஓரியூர்க்காரன், எங்கள் சமையலறையில் இரண்டாவது குக், என் அறையில் கீழ்க்கட்டில். ஓயாமல் வம்பிழுப்பான். "என்ன கண்டக்டரே, இன்னைக்கு எத்தன டிக்கெட்டு?" என்பதுதான் காலை வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டால் என்னிடமும் கொடுப்பான். அவன் மனைவி அமலோற்பவம் என்னை அண்ணே என்று கூப்பிடும்.

பிப்ரவரி 23

மார்ச் ஐந்தாம் தேதி காங்கிரஸ் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அறுநூறுதானா என்று அவர்களே தலை எண்ணப்போகிறார்களாம். சிவசங்கரன் பேயறைந்தவர் மாதிரி திரிந்தார். ஒரு மேஜர் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்.

இதற்கு யாரோ ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ரூட்டில் செய்வதுதான். பெர்மிட்டுக்கு மேல் ஆள் ஏறியிருந்தால், செக்போஸ்ட்டுக்கு அரை பர்லாங் முன்னாலேயே நிற்கிறவர்களை இறக்கிவிடுவோம். அவர்கள் பொடிநடையாகச் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் நிற்பார்கள். வண்டி காலியாகச் சோதனை முடித்துப் போய் மறுபடி ஏற்றிக்கொள்ளும். அதே மாதிரி, கூடுதலாக இருக்கிற முந்நூறு பேரை அன்று காலையிலேயே வண்டியில் ஏற்றி, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பழைய பேரீச்சம்பழக் கிடங்கில் இறக்கிவிடுவது, சாயங்காலம் கூட்டிவந்துவிடுவது. மேஜர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

யார் சொன்ன யோசனை என்பது முக்கியமில்லை.

மார்ச் 2

கிடங்குக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போக எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வேண்டும். இருதயராஜின் பேர் பட்டியலில் வந்திருக்கிறது. அவனுக்குப் போக இஷ்டமில்லை.

"எனக்கு அங்கிட்டு என்னண்ணே சோலி? பொட்டலத்த எண்ணிக் குடுக்குறதுதான? அது ஒங்க வேலல்ல?"

"எனக்கு வாசல்ல வேல இருக்குபா. வர்றவங்க எதிர்ல எண்ணணும்ல."

"அதுவுஞ் சரிதேன். கண்டக்டர் இல்லாம வண்டி நகராதுல்ல," என்று சிரித்துவிட்டுப் போனான்.

அங்கே சைரன் கிடையாது, பதுங்கு குழி கிடையாது. ஒரு பகல்தானே.

மார்ச் 4

சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். முடி வெட்டிக்கொண்டேன்.

மார்ச் 5

காலை ஒன்பதரைக்குப் பதினோரு வண்டி கிளம்பியது. 312 பொட்டலம். இருதயராஜ் கடைசி வண்டியில் தண்ணீர்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

பன்னிரண்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள், நோட்டும் கையுமாக இரண்டு ஆண்கள். அதில் உயரமானவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவுன்ட்டரை எடுத்து எனக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றுகொண்டார். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று எண்ணினோம். கடைசியில் அவருக்கு 583, எனக்கு 584. பின்வாசல் வழியாக வந்த ஒரு மெக்கானிக்கை அவர் விட்டுவிட்டார். நான் எடுத்துச் சொன்னதும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். பதினோரு வருஷத்தில் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. அந்த அம்மாளும் நன்றி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைப்பானேன்.

அவர்கள் விமானம் ஏறியது இரண்டு மணிக்கு. இரண்டே காலுக்கு மேஜர் ஓடி வந்தார். கிடங்கின் மேல் ஆளில்லா விமானம் வந்து குண்டு போட்டிருக்கிறது. ஒன்று இருபதுக்கு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. வீரர்கள் ஒன்பது பேருக்குக் காயம். சாவு இல்லை என்கிறார்கள்.

எங்கள் ஆளைப் பற்றிக் கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 6

கவுன்ட்டருக்கு எண்ணெய் விட்டேன். இரண்டு போர்வை துவைத்தேன். சிவசங்கரன் கொண்டுவந்த காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் வெங்காய லாரி வந்தது, பாதி அழுகல். மதியம் 871.

இருதயராஜை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இடது காலில் அடியாம்.

மார்ச் 7

காலை எட்டு மணிக்குக் கேப்டன் நோவக் வாசலுக்கு வந்தார். சாப்பிட வரவில்லை. கண் சிவந்திருந்தது. காங்கிரசுக்கு எழுத வேண்டிய கடிதத்துக்கு மதியம் ஒன்று இருபதோடு நாற்பத்தெட்டு மணி நேரம் முடிகிறது. இங்கிருந்து போகிற விவரத்தை வைத்துத்தான் மேலே எழுதுவார்கள். பயிற்சிக்குப் போன ஒரு சிறிய குழு என்று மேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எத்தனை பேர் என்று இவருக்குத் தெரிய வேண்டும். போன பொட்டலம் எத்தனை என்று என்னைக் கேட்டார்.

சிவசங்கரன் சூப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைவில்லை என்றேன்.

மார்ச் 8

காய்கறி லாரியில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அனுமதி வாங்கவில்லை.

நல்ல மனிதர்கள்தான், ஆனால் அங்கே எதுவுமில்லை. ஒரே டாக்டர், எண்பது நோயாளி. இருதயராஜ் நடைபாதையில் கட்டிலில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கட்டு நனைந்து நாற்றம் அடித்தது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டான்.

"அண்ணே, நான் கிச்சன்ல எண்ணெ கொட்டி விழுந்தேன்னு எழுதியிருக்காகளாம். இந்த டாக்டரு, எண்ணெ பட்டா இரும்புத் துண்டு எப்படி உள்ள போகும்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல? காயம்பட்ட சோல்ஜருகள எல்லாம் அன்னைக்கே ஜெர்மனிக்குக் கொண்டு போயிட்டாகளாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. எண்ணுற ஆளு நீங்க, ஒங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு."

டாக்டர் கையிலிருந்த காகிதத்தை எனக்குக் காட்டினார். சமையலறை விபத்து, நேரில் பார்த்த சாட்சி என்று போட்டு, கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல முடியாது. படித்துவிட்டுத்தான் போட்டேன். சிறிய குழுவுக்குச் சமையல்காரன் எதற்கு என்று யாராவது கேட்பார்கள், அதனால் அவன் அங்கே இருந்திருக்கக்கூடாது என்று சிவசங்கரன் விளக்கினார். கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவேன், வேறு எந்தக் கம்பெனியிலும் சேர முடியாது என்றும் சொன்னார். நான் பயந்தேன். டவுன் ஆஸ்பத்திரியே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லாரியில் திரும்பியதும் நேராகக் கேப்டன் நோவக்கின் அலுவலகத்துக்குப் போனேன். 312 என்றேன். ஐந்தாம் தேதிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். தமிழ் அவருக்குத் தெரியாது, எண் தெரியும். போட்டோ எடுத்துக்கொண்டார். முந்தைய பக்கங்களின் எண்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். 897, 904. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இருதயராஜ் கிடங்கில்தான் இருந்தான் என்றும் சொன்னேன்.

"நேற்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. கடிதம் நேற்றே போய்விட்டதாம், 'சிறிய குழு' என்றே போய்விட்டதாம். இனி திருத்தக் கடிதம் போக வேண்டும். அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரி விமானத்தைக் கேட்க ஆரம்பித்தார்.

மார்ச் 9

காலை ஆறரைக்கு விமானம் இருதயராஜை ஜெர்மனியில் இருக்கிற அவர்களுடைய பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஸ்ட்ரெச்சரோடு ஓடுபாதை வரை போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சிவசங்கரன் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட இன்னொருவரிடம் சொல்லிவிடுகிறார்.

மார்ச் 14

இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மறுநாளே வந்திருந்தால் பாதமாவது மிஞ்சியிருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். கேப்டன் நோவக் இதை எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார்.

மறுநாள் என்றால் ஆறாம் தேதி. அன்று போர்வை துவைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15

தூக்கம் வரவில்லை, அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

செக்போஸ்ட் யோசனை சொன்னது நான். சிவசங்கரன் கவலையோடு உட்கார்ந்திருந்தபோது சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன், ஆனால் மேஜர் சிரித்தார் என்று கேட்டதும் இன்னும் நாலு விவரம் சேர்த்து எழுதியே கொடுத்தேன். எங்கள் ரூட்டில் இறங்கி நடந்தவர்களில் ஒருவருக்கும் கால் போனதில்லை. அதனால் இறக்கிவிட்ட இடத்தில் என்ன இருக்கும் என்று யோசிக்கிற பழக்கமே எனக்கில்லை.

பட்டியலில் முதலில் இருந்த பேர் என்னுடையது. பொட்டலம் எண்ணுவது தலை எண்ணுகிறவன் வேலை என்று சிவசங்கரன் என்னைத்தான் போட்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் முன்னால் வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் பேரை அடித்துவிட்டு அவன் பேரை எழுதினேன். அவன் அப்போது பக்கத்து அறையில் எனக்காகச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 27

திருத்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. காங்கிரசில் விசாரணை வைத்துக் கேள்வி கேட்கிறார்களாம். நான்கு நாளாக விமானம் விமானமாக ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். செம்பட்டைத் தலையனும் போய்விட்டான், இந்த முறை திரும்பி வரமாட்டான். மேஜரை மாற்றிவிட்டார்கள்.

மதியம் 596. படிவத்திலும் 596. வந்ததிலிருந்து, யாரையும் எங்கேயும் இறக்கிவிடாமல் இரண்டும் ஒன்றாக இருப்பது இன்றுதான்.

சாப்பிடுகிற ஆள் குறைந்துவிட்டதால் வாசலில் எண்ண ஆள் தேவையில்லை என்று கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. முப்பதாம் தேதி விமானம். கேப்டன் நோவக் வந்து கை கொடுத்தார். நான் செய்தது பெரிய காரியம் என்றார். அவருக்கு மார்ச் இரண்டாம் தேதிப் பட்டியல் தெரியாது.

ஏப்ரல் 3, செஞ்சி

காலையில் என் மனைவி போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமலோற்பவம்.

"அண்ணே, வந்துட்டீகளா? அவுக நேத்துப் பேசுனாக. இன்னும் நாலு வாரத்துல கட்டக்காலு மாட்டி நடக்க விடுவாகளாம். அந்த வக்கீலம்மாவும் பேசுனாக, ஒருத்தரு மொழிபேத்துச் சொன்னாரு. நீங்க உண்மையச் சொன்னதுனாலதேன் அவுக உசுரு பொழச்சிச்சாம். வேல போனாலும் பரவாயில்லன்னு சொன்னீகளாம்ல. மாதா கோயில்ல ஒங்க பேருக்குப் பூசைக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

அது அழுதது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்ணே. அவுக சமையக்காரக. அவுகள அங்கிட்டு அனுப்புனது யாரு? அவுகளக் கேட்டா, கம்பெனில பேரு வந்துச்சு, போனேங்கிறாக. நீங்க கூடவே இருந்தவுக, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

கம்பெனிதான் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பூசையும் நடந்திருக்கும்.

"நாந்தாம்மா," என்றேன். "என் பேருதான் இருந்துச்சி. அத அடிச்சிட்டு அவரு பேர எழுதனேன். ஆளுங்கள அங்க கொண்டுபோய் வைக்கச் சொன்னதும் நாந்தான். மறுநாளு கிச்சன்ல அடிபட்டாருன்னு கையெழுத்து போட்டதும் நாந்தான். ரெண்டு நாளு கழிச்சிதான் உண்மையச் சொன்னேன்."

வைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தூரத்தில் ஏதோ குழந்தை அழுதது கேட்டது, அதனால் வைக்கவில்லை என்று தெரிந்தது.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"கட்டில்ல கெடந்துக்கிட்டு அன்னாடம் ஒங்க பேரத்தேன் சொல்றாக," என்றது. குரல் மாறியிருந்தது, அண்ணே என்ற வார்த்தை அதில் இல்லை. "நான் சொல்லமாட்டேன். என் வாயால அவுகளுக்கு அத ஏன் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. நம்பர் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொல்லி, நான் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தது. அங்கே காலை பத்து மணிக்கு நர்ஸ் போனைக் கட்டிலுக்குக் கொண்டுவருவார்களாம். நமக்கு அது மதியம் ஒன்றரை.

இப்போது மணி ஒன்று இருபது. எழுதுவதை நிறுத்துகிறேன்.